கொத்துக்கு வெளியே வெடித்த நட்சத்திரம்

இருபத்தாறு வயதில் எனக்கு ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. நட்சத்திரங்கள் நெருக்கமாகக் கூடியிருக்கும் இடத்தில்தான் அதிகமாக வெடிக்கும் என்பது என் கட்சி. சாப்பிடும்போதும், சைக்கிள் மிதிக்கும்போதும், வகுப்பில் சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நிற்கும்போதும் இதே நினைப்புதான். ஓரிடத்தில் உட்கார முடியாது. பாதிச் சோற்றில் எழுந்து வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்ப்பேன், பட்டப்பகலாக இருந்தாலும். வெயிலில் என்ன தெரிகிறது என்று அண்ணி கேட்பார்கள். எனக்கே தெரியாது, என்ன பதில் சொல்வது?

திருச்சியில் பௌதிகம் படித்துவிட்டு வந்து நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியாராக இருந்தேன். எங்கள் ஊர் புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே போகிற வண்டித்தடத்தில் இருந்தது. அண்ணன் பண்ணையத்தைப் பார்த்துக்கொண்டார். எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது என்பதை ஊரே ஒப்புக்கொண்டிருந்ததால், என்னை யாரும் ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம். ஊர் பொழுதோடு இருட்டிவிடும். மற்றவர்களுக்கு அது கஷ்டம், எனக்கோ கொண்டாட்டம்.

என் கிறுக்குக்கு விதை போட்டது சேலத்து வாசகசாலையில் கிடைத்த ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம். சில நட்சத்திரங்கள் திடீரென்று வெடித்துப் பல்லாயிரம் மடங்கு பிரகாசமாகி, சில நாளில் மங்கிப்போகும் என்று அதில் எழுதியிருந்தது. நம்முடைய பால்வீதியைப் போல வெளியே வேறு பால்வீதிகள் இருக்கின்றன, அவற்றில் இப்படி வெடிப்பவற்றை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் இருந்தது. அதோடு ஒரு சின்னக் குறிப்பு. என் தாத்தா காலத்தில், விருச்சிகத்தில் இருக்கிற ஒரு நட்சத்திரக் கொத்தின் நடுவிலேயே ஒன்று வெடித்ததாம். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

கொத்தில் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் இருக்கும்போது ஒன்றாவது வெடிப்பதில் அதிசயமில்லை. தலை அதிகம், அதனால் வெடிப்பும் அதிகம். அது வெறும் எண்ணிக்கை. என் கேள்வி அது இல்லை. தனியாக இருக்கிற நட்சத்திரத்தையும் கூட்டத்தில் இருக்கிற நட்சத்திரத்தையும் எடுத்துக்கொண்டால், கூட்டத்தில் இருப்பதற்கு நெருக்கத்தாலேயே வெடிக்கும் வாய்ப்பு கூடுமா? ஒன்றை ஒன்று உரசும், ஒன்றின் மேல் இன்னொன்று தன் வாயுவைக் கொட்டும், ஜோடி சேரும், ஜோடி மாறும். பத்துப் பேர் நின்றால் முட்டிக்கொள்ள நாற்பத்தைந்து ஜோடி. இருபது பேர் நின்றால் நூற்றுத் தொண்ணூறு. ஆள் இரண்டு மடங்கானால் வம்பு நான்கு மடங்குக்கும் மேல். இதை நட்சத்திரத்துக்குப் போட்டுப் பார்த்தால், கொத்துகள் நிறைந்த ஒரு பால்வீதியில் வெடிப்புகள் சடசடவென்று வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதைச் சோதித்துப் பார்க்க என்னிடம் பெரிய கருவி ஏது? செவ்வாய்ப்பேட்டையில் பழைய சாமான் கடையில் வாங்கிய பித்தளைத் தொலைநோக்கி ஒன்று இருந்தது. அதன் ஒரு கண்ணாடியில் கீறல். அதனால் வாரச்சந்தைக்குப் போய்ச் சண்டைகளை எண்ண ஆரம்பித்தேன். சிரிக்கலாம், இப்போது நானும் சிரிக்கிறேன். காலையில் கூட்டம் சேரும் முன்னும் உச்சியில் நெரிசலாக இருக்கும்போதும் எத்தனை தகராறு என்று குறித்தேன். மாட்டுத் தரகர் ஒருவர் நான் யாருக்கோ உளவு பார்ப்பதாக நினைத்து என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். அந்தச் சண்டையையும் சேர்த்துத்தான் குறித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் தினமும் விடியலுக்கு முன்னால் களத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்து, கொத்துகளை மட்டும் பார்த்துவந்தேன். கார்த்திகைக் கொத்து, பூசத்துக் கொத்து, அப்புறம் பருவத்துக்குத் தகுந்தபடி மற்றவை. மீதி வானம் எனக்கு வேண்டாததாகப் போய்விட்டது. வெடித்தால் அங்கேதான் வெடிக்கும், அதை முதலில் பார்ப்பவன் நான்தான். இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒன்றும் வெடிக்கவில்லை. வெடிக்காமல் இருக்க இருக்க என் எரிச்சல்தான் ஏறியது.

இனி கிணற்றுக்கு வருகிறேன். எங்கள் கிணறு பங்குக் கிணறு. பாதி அண்ணனுக்கு, பாதி எங்கள் பெரியப்பா மகனுக்கு. அவரைப் பங்காளி என்றே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குறைந்த கிணறு. மாட்டைப் பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை நாலைந்து மணி நேரம் ஓட்டினால் அடிப்பாறை தெரிந்துவிடும், மறுபடி ஊறப் பாதி நாள் ஆகும். ஆகையால் முறை வைத்து இறைத்தார்கள். முறை மாறுவதற்குக் கடிகாரத்தை நம்புவதில்லை. ஊரில் இருந்த மூன்று கடிகாரமும் மூன்று மணி காட்டும். போதாததற்கு அந்த வருஷம் யுத்தத்துக்காகச் சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தது. சூரியனையே சர்க்கார் தள்ளி வைத்துவிட்டதாக ஊரில் கேலி பேசினார்கள். முறைக்கு வானம்தான் கணக்கு. எங்கள் ஊரில் பெரிய நட்சத்திரம் எல்லாமே வெள்ளிதான்; மாசத்துக்கு ஒரு வெள்ளி. ஐப்பசிக் கடைசியில் தெக்கத்தி வெள்ளி. புத்தகத்தில் அகத்தியர் என்று போட்டிருக்கும் அதே பெரிய நட்சத்திரம்தான். கிணற்றுமேட்டிலிருந்து பார்த்தால் தெற்கே ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று, நிற்கும். அந்தக் கரட்டு உச்சிக்கு நேராக வெள்ளி வந்ததும் எங்கள் முறை முடியும். மாட்டை அவிழ்த்துவிட்டு, இறைத்தவரே போய்ப் பங்காளி வீட்டு வாசலில் முறை முடிந்தது என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

எங்கள் கவலையை ஓட்டியவர் பன்னிரண்டு வருஷமாக எங்கள் பண்ணையத்தில் இருந்தவர். நாற்பதுக்கு மேல் வயது. இரண்டு மாடும் சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்து தானும் இறங்குவார். தோல்சால் நிறைந்து மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். மறுபடி மாட்டைப் பின்னுக்கு நடத்திக்கொண்டு ஏறுவார். ராத்திரி முழுக்க இதே. மாட்டோடு பேசுவார், மனிதரோடு அதிகம் பேசமாட்டார். அப்போது நான் அவரை நீ என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான். இப்போது எழுதும்போது கை வரவில்லை.

அந்த ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. மேகம் வரும், மூடும், ஒரு தூறல் போட்டுவிட்டுப் போகும். மிளகாய் நாற்று நட்டிருந்தார்கள், இரண்டு பங்கிலும். ஒரு முறை தவறினால் நாற்று தலை சாய்ந்துவிடும் என்ற நிலை.

ஒருநாள் கிழக்கு வெளுக்கிற நேரத்தில் பங்காளி எங்கள் வாசலில் வந்து நின்று கத்தினார். அவர் வீட்டுக்குக் குரல் வந்தபோது காக்கை கத்த ஆரம்பித்துவிட்டதாம். மாட்டைப் பூட்டிப் போனால் நாலு சால்கூட வரவில்லையாம், அடிப்பாறை தெரிகிறதாம். ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தண்ணீரைத் திருடிவிட்டீர்கள் என்றார். அண்ணன் தூக்கக் கலக்கத்தில் எழுந்துவந்து, திருடவேண்டிய அவசியம் எனக்கில்லை, ஆளைக் கேள் என்றார். கவலைக்காரர் வந்தார். வெள்ளி கரட்டுக்கு நேராக வந்த பிறகுதான் அவிழ்த்தேன், அதற்கு முன்னால் ஒரு சால்கூட இல்லை என்று சொன்னார். ராத்திரி நீண்டுபோனது போல இருந்தது, மேகமாக இருந்ததால் வேறு அடையாளம் தெரியவில்லை, இடைவெளியில் அந்த வெள்ளி ஒன்றுதான் தெரிந்தது என்றும் சொன்னார். பங்காளி நம்பவில்லை. எந்த ஊரில் ராத்திரி நீளும் என்று கேட்டார்.

மறுநாள் காலை நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கவலைக்காரர் தடத்தில் காத்துக்கொண்டிருந்தார். என்னிடம் அவராக வந்து பேசியது அதுதான் முதல் தடவை.

“சாமி, தெக்கே ரெண்டு வெள்ளி நிக்குதுங்க. ஒண்ணு நம்முளுது. இன்னொண்ணு அதுக்குக் கெழக்கே, கொஞ்சம் ஒசரத்துல. முந்தாநேத்து வரைக்கும் அது அங்க இல்லீங்க. அதைப் பாத்துத்தான் நான் ஏமாந்துட்டேன். நீங்க ஒருக்கா பாக்கோணுமுங்க.”

எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பரீட்சைத் தாள் திருத்தி முடிக்கவில்லை. ராத்திரி பூசத்துக் கொத்தைப் பார்த்துக் கண் எரிந்தது. தெற்கே பிரகாசமான நட்சத்திரங்கள் நிறைய உண்டு, வேறு ஏதாவது ஒன்றைப் பார்த்திருப்பாய், பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தேன். அன்றைக்குப் பொழுது சாயும்போதே மேகம் மூடிக்கொண்டது. அதற்கப்புறம் ஆறு நாள் ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை. மழையும் இல்லை.

அந்த ஆறு நாளில் பங்காளி வீட்டு நாற்றில் பாதி சுருண்டுவிட்டது. அவர் ஊர்ப் பெரியவர்களிடம் போனார். மூட்டம் கலைந்த மறுநாள் காலை எங்கள் களத்திலேயே கூடினார்கள். அதற்கு முந்தின விடியலில் நாலு பேர் போய்த் தெற்கே பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஒரு பெரிய வெள்ளிதான் இருக்கிறது, இரண்டாவது எங்கே என்று கேட்டார்கள். கவலைக்காரர் அந்த விடியலில் தானும் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். அது இருந்த இடத்தில் இப்போது பொடியாக ஒன்றுதான் தெரிகிறது, எப்படி என்று தனக்குத் தெரியவில்லை என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

அண்ணன் அப்போது செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆள் தன் இஷ்டத்துக்கு ஓட்டியிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் அவரை வேலை வாங்கியவர்.

கவலைக்காரர் கூட்டத்தின் நடுவில் வந்து நின்று, கையில் கற்பூரத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றார். எங்கள் பக்கம் அதற்கு மேல் விசாரணை கிடையாது. உள்ளங்கையில் எரிகிற கற்பூரத்தை மூடி அணைத்துவிட்டால் எதிர்க் கட்சி வாயைத் திறக்கக் கூடாது. பெரியவர்களில் ஒருவர் கற்பூரம் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பக்கூடப் பார்த்தார். அப்போது பங்காளி, சத்தியமெல்லாம் வேண்டாம், உங்கள் வீட்டிலேயே ஒருவன் ராத்திரி பகலாக வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறானே, அவன் சொல்லட்டும், அவன் சொன்னால் நான் ஒத்துக்கொள்கிறேன் என்று என்னைக் காட்டினார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பெருமையாக இருந்தது. இரண்டு வருஷமாக என்னைப் பார்த்துச் சிரித்த ஊர், முதல் தடவையாக என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். நட்சத்திரம் புதிதாகத் தோன்றுவது உண்மைதான், ஆனால் மிகவும் அபூர்வம். அப்படித் தோன்றினாலும் நெருக்கமான கொத்துகளில்தான் தோன்றும். அந்தக் கொத்துகளை நான் தினமும் பார்க்கிறேன். தெற்கே கரட்டுக்கு மேலே சொல்லும்படியான கொத்து எதுவும் கிடையாது. பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீ பார்த்தாயா பார்க்கவில்லையா, அதை மட்டும் சொல் என்றார்.

“பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது” என்றேன்.

கவலைக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்ப்பது போலப் பார்த்தார். கற்பூரம் வரவில்லை. இனி இந்த ஊர்க் கிணறு எதிலும் அவர் கவலை ஓட்டக் கூடாது என்று முடிவாயிற்று. இரண்டு நாளில் குடும்பத்தோடு பரமத்தி வேலூர் பக்கம் போய்விட்டார், அங்கே வெற்றிலைக் கொடிக்காலில் மைத்துனர் வேலை செய்கிறாராம் என்று அண்ணி சொன்னார்கள். அந்த வீட்டுச் சாமான் எல்லாம் ஒரு தலைச்சுமைக்குள் அடங்கிவிட்டதாம். நான் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.

பத்து நாளைக்குள் பத்திரிகையில் வந்தது. பள்ளிக்கூடத்தில் மத்தியான இடைவேளையில் யுத்தச் செய்திகளுக்குக் கீழே நாலு வரி. தெற்கு வானத்தில் புதிய நட்சத்திரம் ஒன்று சில நாள் மிகப் பிரகாசமாகத் தோன்றி வேகமாக மங்கிவருவதாகப் பல தேசங்களிலிருந்தும் தகவல் வந்திருக்கிறது. எந்த ராசிக்குப் பக்கம், எந்தத் திசையில் என்பதும் இருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் வந்தது குற்ற உணர்ச்சி இல்லை, ஆத்திரம். கொத்துக்கு வெளியே வெடித்திருக்கிறது. இரண்டு வருஷம் நான் காவல் காத்த இடத்தில் வெடிக்காமல், நான் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த திசையில், தன்னந்தனியாக ஒன்று வெடித்துவிட்டு அடங்கியும் விட்டது. மத்தியானம் முழுக்க ஒரு பாடமும் ஓடவில்லை. பையன்களைக் காரணமில்லாமல் திட்டினேன். ஒரு வெடிப்பை வைத்து என் கட்சி தோற்றுவிட்டதாகச் சொல்ல முடியாது என்று எனக்குள்ளேயே வாதாடினேன். ஒரு வெடிப்பை வைத்துத்தானே கட்சியையே கட்டினேன் என்று அப்புறம் உறைத்தது. கொத்தையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குக் கொத்தில் நடப்பதுதான் கண்ணில் படும். சந்தையிலும் அதைத்தான் செய்திருக்கிறேன். கூட்டத்துக்குள்ளே நின்றுகொண்டு கூட்டத்தில்தான் சண்டை என்று எழுதியிருக்கிறேன். தடத்திலும் தோட்டத்திலும் இரண்டே பேர் போட்டுக்கொண்ட சண்டைகளை யார் எண்ணினார்கள்?

சாயங்காலம் புதுச்சத்திரம் தாண்டி எங்கள் தடத்தில் திரும்பும்போதுதான் கவலைக்காரரின் ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் வரவில்லை. அவர் காத்துக்கொண்டு நின்ற அந்த இடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டேன். 

வீட்டுக்குப் போனதும் என் குறிப்பு நோட்டை எடுத்தேன். தினமும் பார்த்து முடித்ததும் இரண்டு வரி எழுதுவது பழக்கம். முறை தவறிய அந்த நாளுக்கு இப்படி இருந்தது: பூசக் கொத்தில் மாற்றம் இல்லை, மேகம் விட்டுவிட்டு, தெற்கே அகத்தியர் கரட்டுக்கு நேர் மேலே, தெளிவு, மணி ஆறு.

என் கையெழுத்துதான். சர்க்கார் மணி ஆறு என்றால் பழைய மணி ஐந்து. அந்த மாதத்தில் பழைய மணி மூன்றேகாலுக்கே அகத்தியர் கரட்டைத் தாண்டியிருக்க வேண்டும். ஐந்து மணிக்குக் கரட்டுக்கு மேலே நின்றது அகத்தியர் இல்லை. படித்தவன் நான், கையில் கடிகாரம் கட்டியவன், கவலைக்காரர் ஏமாந்த அதே நட்சத்திரத்தைப் பார்த்து அதே தப்பைச் செய்து, நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன். அதை எழுதிய கையை மடியில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். மணி பொருந்தவில்லையே என்று அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். சர்க்கார் தள்ளி வைத்த ஒரு மணியால் வந்த குழப்பம் என்று சோம்பேறித்தனமாக விட்டிருப்பேன். விட்டதுகூட எனக்கு ஞாபகமில்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவர் பத்திரிகையையும் பார்க்கவில்லை, நோட்டையும் பார்க்கவில்லை. பங்காளியோடு இப்போதுதான் பேச்சுவார்த்தை வந்திருக்கிறது, கவலைக்கும் வேறு ஆள் வந்தாகிவிட்டது, ஆறிப்போனதைக் கிளறாதே என்றார். அவனுக்கும் அங்கே நல்ல வேலைதானே என்றார். நான் அன்றைக்கு ராத்திரி படுக்கவே இல்லை. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். வானத்தை மட்டும் பார்க்கவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை நானே வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களைக் கூப்பிட்டேன். அதே களம். பத்திரிகையைத் தமிழில் படித்துச் சொன்னேன். நோட்டைப் படித்தேன். கவலைக்காரர் ஏமாந்தது நிஜம், நானும் ஏமாந்தேன், அவருக்குத் தண்டனை கொடுத்தது என் வாய் என்று சொன்னேன்.   பங்காளி தலையைக் குனிந்துகொண்டு, அவன் திருடுகிற ஆள் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும் தம்பி, கோபம் உன் அண்ணன் மேல்தான், நீ சொன்னதால் அவன் மேல் இறங்கிவிட்டது என்றார். அன்றைய முடிவை ரத்து செய்துவிட்டோம், அவன் வரலாம், நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா என்றார் பெரியவர். அண்ணன் அங்கிருந்து எழுந்து போனவர் தை பிறக்கும் வரை என்னோடு பேசவில்லை.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நாமக்கல்லில் பஸ் ஏறினேன். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ். ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் நின்று மூச்சு வாங்கியது, எங்களை இறக்கித் தள்ளச் சொன்னார்கள். நான் எல்லாரையும் விட வேகமாகத் தள்ளினேன். போய்ச் சொல்லிவிட வேண்டும், கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், திங்கட்கிழமை ராத்திரியே அவர் கவலை பூட்ட வேண்டும். வழி முழுக்க எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. தப்பைத் திருத்திவிட்டவனின் சந்தோஷம்.

பரமத்தி வேலூரில் விசாரித்துக்கொண்டு போய்க் கொடிக்காலைக் கண்டுபிடித்தேன். குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். அகத்தி மரங்கள் நெருக்கமாக நின்றன, அவற்றின் மேல் வெற்றிலைக் கொடி படர்ந்து தலைக்கு மேலே இலை மூடியிருந்தது. மத்தியானத்திலும் உள்ளே பச்சை நிழலும் ஈரமும். பாத்திக்கு நடுவே ஓடிய வாய்க்காலில் இறங்கி நின்று அவர் கொடிக்குத் தண்ணீர் வாரி இறைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தார். ஊட்டுல எல்லாரும் சுகமா என்று கேட்டார். 

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகை, நோட்டு, களத்தில் பேசியது எல்லாம். பங்காளி சொன்னதை மட்டும் பாதி விழுங்கினேன். நட்சத்திரம் நிஜமாகவே புதிதுதான் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அது எங்கிருந்து வந்தது, ஏன் மங்கியது என்று கேட்டார். அது எப்போதும் அங்கேயே இருந்ததுதான், கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலாக இருந்தது, வெடித்ததால் தெரிந்தது என்றேன். பக்கத்தில் வேறு ஏதாவது இருந்ததால் வெடித்ததா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். இந்த விஷயத்தில் நான் ஒருவரிடம் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இன்றுவரை அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம் வெடிப்பைக் கூட்டுகிறதா என்று என்னை விடப் பெரிய கண்ணாடி வைத்திருப்பவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

கிளம்பலாமா, சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விடலாம், பெரியவரே கூட்டிவரச் சொன்னார் என்றேன்.  அவர் காலில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டே இருந்தார்.

“நீங்க வந்து சொன்னதே போதுமுங்க சாமி. ஆனா வரமுடியாதுங்க. அங்க இனி நான் அண்ணாந்து பாத்தன்னா, நாலு பேரு என்னையப் பாப்பாங்க. வெள்ளியப் பாக்காம அந்தக் கெணத்துல முறை மாத்த முடியாது.”

யாரும் இனி அப்படிப் பார்க்கமாட்டார்கள், எல்லாருக்கும் உண்மை தெரிந்துவிட்டது என்று மன்றாடினேன். பங்காளிகூட வருத்தப்படுகிறார் என்றேன்.  அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு வாய்க்காலில் இறங்கி மறுபடி இறைக்கும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“கொடிக்காலுக்குள்ள வானமே தெரியாதுங்க. எனக்கு இதுதான் நல்லா இருக்குது.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். இலைதான் தெரிந்தது.